கொஸ்லந்தையில் கேட்காமல் வரைந்த படம்

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, பதுளைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையில் நான் வேலை பார்த்தபோது நடந்தது இது. தேயிலைத் தோட்டம் தோட்டமாகப் போய்ச் சேலைக்கு ஓடர் எடுத்து வருவது என் வேலை.

சேலை மூட்டையைச் சுமந்துகொண்டு மலை ஏற முடியாது. அதனால் முதலாளி எனக்குக் கோடு போடாத தடித்த கொப்பி ஒன்று கொடுத்திருந்தார். கடைக்கு வந்திருக்கும் சேலைகளின் கரைகளை அதில் பென்சிலால் வரைந்து எடுத்துப் போவேன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கும் பெண்கள் தங்களுக்குப் பிடித்த கரையைக் காட்டினால் அந்தத் தாளைக் கிழித்து அவர்களிடமே கொடுத்துவிடுவேன். சேலை வந்ததும் தாளோடு ஒத்துப் பார்த்து வாங்கிக்கொள்வார்கள்.

எனக்குக் கூச்சம் அதிகம். வேலைப் பேச்சைத் தவிர நாலு பேரிடம் நின்று பேச வராது. நடைவழியில் தனியாக உட்காரும்போது, கொப்பியின் கடைசிப் பக்கத்திலிருந்து கண்ணில் பட்டதை எல்லாம் வரைய ஆரம்பித்தேன். அந்த வருடம் தை மாதத்தில் அந்தப் பழக்கம் தொடங்கியது. ஹப்புத்தளையில் மூடுபனி, ஹல்துமுல்லைக்கு இறங்கும் வளைவு, படுத்துவிட்ட வண்டிமாடு, ஓடையில் துணி துவைப்பவர்கள். ஒவ்வொரு படத்துக்கும் அடியில் இடத்தையும் மாதத்தையும் எழுதிவைப்பேன். யாருக்கும் காட்டியதில்லை. மனிதர்களை வரைந்தால் தூரத்திலிருந்து, அவர்களுக்குத் தெரியாமல்தான் வரைவேன். கேட்பதென்றால் பேச வேண்டுமே.

ஆடி மாதம் கொஸ்லந்தைப் பக்கம் ஒரு தோட்டத்தில், லயத்து வாசற்படியில் ஒரு பெண் குழந்தையை மடியில் வைத்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவளுடைய இடது காது மடல் கீழே அறுந்திருந்தது. எதிர்ப்பக்கக் கல்லில் உட்கார்ந்து, அந்தக் காது உட்பட எதையும் விடாமல் வரைந்தேன். அந்த வருடத்தில் நான் வரைந்ததில் அதுதான் நல்ல படம்.

புரட்டாசியில் கொப்பி தீரும் நிலைக்கு வந்தது. படங்களின் பின்பக்க வெள்ளையிலும் கரைகளைப் போட வேண்டியதாயிற்று. அந்தக் கரையை யாராவது கேட்டால் படமும் சேர்ந்து போய்விடுமே என்று, அந்தப் பக்கங்களை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் பெரிய கங்காணியின் வீட்டு வராந்தாவில் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஓடர் கொடுத்துத் தாள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். கங்காணி வந்து கொப்பியைக் கையில் எடுத்தார். பின்பக்கமாகத் திறந்துகொண்டது.

"அட, வாயத் தொறக்காத மனுஷன் உள்ளுக்குள்ள இவ்வளவு வச்சிருக்கீங்களே!" என்றார்.

என் படங்களை ஒருவர் பாராட்டுவது அதுதான் முதல் தடவை. கொப்பியை வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. இன்னும் பார்க்கட்டும் என்று நின்றேன்.

ஒரு பக்கத்தில் அவர் கை நின்றது. "இந்த அறுந்த காது… இவ நம்ம ஆளுல்ல? சித்திரையில துண்டில்லாம புருஷனோட ஓடினவ!"

அப்போது துண்டு என்று ஒன்று இருந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக, பழைய தோட்டத்தார் எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. அது இல்லாமல் போனவர்களைப் பிடித்து வந்து வழக்குப் போடுவார்கள், மறியல் என்கிற சிறைக்கும் அனுப்புவார்கள். இப்போது அந்தச் சட்டம் இல்லை, 1921இல் எடுத்துவிட்டார்கள்.

"அடியில என்னமோ எழுதியிருக்கே. படிங்க" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது.

கொஸ்லந்தை, ஆடி என்று எழுதியிருந்தது. "பதுளைச் சந்தைன்னு எழுதியிருக்குங்க" என்றேன்.

"சந்தையில ஏது லயத்து வாசப்படி? எழுத்துதான் எனக்குத் தெரியாது. கண்ணு தெரியும்" என்று சொல்லிவிட்டு, கொப்பியை வாங்குப் பலகையில் வைத்தார். கணக்கப்பிள்ளை தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். எழுத்தைப் படிக்க அவரைக் கூப்பிடுவதற்காகக் கங்காணி முற்றத்தில் இறங்கினார்.

அப்போது ஒரு பெண் என் பக்கமாக வந்தாள். அவள் ஏற்கனவே ஒரு கரையைச் சொல்லித் தாளும் வாங்கியிருந்தவள்.

"சேலைக்காரரே, கங்காணியாரு பார்த்தாரே, அந்தத் தாளுக்குப் பின்னால ஒரு கரை இருக்கு. அதைக் கிழிச்சுக் குடுங்க."

"உங்களுக்குத்தான் குடுத்துட்டேனே…"

"இதையும் குடுங்க, அண்ணே. சுருக்கா."

அவள் முகத்தைப் பார்த்தேன். கிழித்துக் கொடுத்தேன். மடித்து மடியில் செருகிக்கொண்டு, தன் முதல் தாளைக் கையில் விரித்துப் பிடித்தபடி மற்றவர்களோடு போய் நின்றாள்.

கணக்கப்பிள்ளை வந்து புரட்டினார். படம் இல்லை. "யாரோ ஓடர் குடுத்தவங்களுக்குக் கிழிச்சதுல போயிருக்கும்ங்க" என்றேன். கங்காணி பெண்களின் தாள்களை எல்லாம் வாங்கிப் பார்த்தார். எல்லோரிடமும் ஒவ்வொரு தாள்தான் இருந்தது.

"படம் வரையத் தெரியுது, பொய் சொல்லத் தெரியலையே உங்களுக்கு. இனிமே இந்தப் பக்கம் காலை வச்சிராதீங்க" என்று கொப்பியை முற்றத்தில் எறிந்தார்.

நான் போய்வரும் தோட்டங்கள் எவை என்று விசாரிக்க அவருக்கு எத்தனை நாள் ஆகும்? மறுநாளே முதலாளியிடம் ஏதோ காரணம் சொல்லிவிட்டுக் கொஸ்லந்தைக்குப் போனேன். அதே வாசற்படியில் அவள் இருந்தாள். முதல் முறையாக அவளிடம் பேசினேன். நடந்ததைச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. "எப்ப வரைஞ்சீங்க?" என்றாள். சொன்னேன்.

"எங்கிட்டக் கேக்கலையே" என்றாள். உள்ளே போய்ச் சட்டி பானையை எடுத்துவைக்க ஆரம்பித்தாள்.

கார்த்திகையில் நான் அந்த வழியாகப் போனபோது அந்த அறையில் வேறு குடும்பம் இருந்தது.

கங்காணியின் தோட்டத்துக்கு நான் போக முடியாததால், தீபாவளிக்கு முந்திய ஞாயிறு அந்தப் பெண்கள் பதுளைக்கே நடந்து வந்து சேலை வாங்கிப் போனார்கள். என்னிடம் தாள் கேட்டவள் முதல் தாளைக் கொடுத்துச் சேலையை வாங்கினாள். மற்றத் தாளைத் திருப்பித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அடியில இருந்த எழுத்தக் கிழிச்சு அடுப்புல போட்டுட்டேன். படத்தத் தர மாட்டேங்க. அதுல அவ இருக்கா" என்றாள். "ஆறு வருஷம் ஒரே நிரையில நின்னு கொழுந்து எடுத்தோம். மூத்த பிள்ளைய எங்க லயத்துலதான் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தா. சின்னதையாவது வேற எடத்துல வளர்க்கிறேன்னு ரெண்டு தடவ துண்டு கேட்டா. குடுக்கல. எனக்குங்கூடச் சொல்லாமத்தான் போனா. புள்ள வளந்திருக்கு, படத்துல பார்த்தேன்."

சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போதும் பயணம் போனால் கொப்பியும் பென்சிலும் என் பையில் இருக்கும். மனிதர்களை வரைய ஆசை வந்தால், முதலில் கிட்டே போய் "உங்களை வரையலாமாங்க?" என்று கேட்கிறேன், கேட்க வாய் வராத நாளில் மலையை வரைகிறேன். என் கூச்சம் என் ஒருவனுக்குத்தான் கஷ்டம் என்று அதுவரை நினைத்திருந்தேன். அதற்காகப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை இடம் தேடி நடந்தவள் அவள்.