ஒன்பதில் கிளம்பிய பஸ்

பொங்கல் முடிந்த வாரத்தில் இந்தப் பயணம் தொடங்கியது. என் மகள் நிலாவுக்கு மூன்றரை வயது. வளர்ச்சியில் தாமதம் என்றார் டாக்டர். அதுவரை ஒரு சொல்கூடப் பேசியதில்லை. பேசுவாளா மாட்டாளா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நெய்வேலி நகரியத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து விளையாடும் சிகிச்சைக் குழு ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, வியாழன்தோறும் கிளம்பினோம்.

எங்கள் ஊர் குள்ளஞ்சாவடியில் காலை எட்டேகாலுக்கு பஸ். வடலூரில் மாறி, நகரியம் சேர ஒன்றேகால் மணி நேரம். அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். முதல் நாள் ஆட்டோக்காரர் நிலாவிடம் பேரைக் கேட்டார், நான் சொன்னேன். வயதைக் கேட்டார், அதையும் நானே சொன்னேன்.

"பாப்பாவ கேட்டா நீங்களே சொல்லிகினு வரீங்களே," என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறையில் ஐந்து குழந்தைகள், அவர்களின் அப்பா அம்மாக்கள். நடத்துபவர் சகாயமேரி டீச்சர். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு பஸ் விளையாட்டு. குழந்தைகளில் யாராவது சொல்லாலோ சைகையாலோ சொன்னால்தான் பஸ் கிளம்பும். நான் வழக்கம்போல, "போலாம்னு சொல்லுடா கண்ணு," என்று ஆரம்பித்தேன்.

"நீங்க பேசாதீங்கக்கா. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க," என்றார் டீச்சர்.

வாயை மூடிக்கொண்டு உட்காருவது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் கணவரைக் கேளுங்கள். நான்கு வியாழன் ஒன்றும் நடக்கவில்லை. திரும்பும் வழியில் பஸ்ஸில் அழுதேன்.

ஐந்தாம் வாரம் டிரைவர் சீட்டில் ஒரு குழந்தையின் அப்பா. நைட் ஷிப்ட் முடித்து, நிலக்கரி மைன்ஸிலிருந்து நேராக வந்தவர், ஸ்டீயரிங்காகப் பிடித்திருந்த தட்டோடு தூங்கிவிட்டார். யாரும் எழுப்பவில்லை. நான் எண்ணத் தொடங்கினேன். ஏழு. எட்டு. ஒன்பதில் நிலா முன் நாற்காலியின் முதுகை இரண்டு முறை தட்டினாள்.

"ரை."

அவளுடைய முதல் சொல் அம்மா இல்லை, அப்பா இல்லை. ஐந்து வாரமாக எங்கள் கண்டக்டர் பஸ்ஸைத் தட்டிச் சொன்ன "ரைட்". அந்த மனிதர் திடுக்கிட்டு எழுந்து, "எடுத்துட்டேங்க," என்று தட்டைத் திருப்பினார். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பிளாக் எண்ணை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், எல்லாத் தெருவும் ஒன்றுபோல இருக்கும். தண்ணீரும் மாற்றுத் துணியும் எடுத்துப் போங்கள். பஸ்ஸில் கண்டக்டர் பக்கமாக உட்காருங்கள். குழந்தையின் பதிலுக்குப் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். அங்கே போகும்வரை, மூன்றரை வருடமாக நான் இரண்டைத் தாண்டியதே இல்லை.