அரசி வீட்டு பீரோவும் மழை பூட்டிய கோட்டையும்

புனேயின் விஷ்ராந்த்வாடியில் ஒரு பழைய அடுக்குமாடி சொசைட்டியின் தரைத்தளத்தில் இருக்கிறாள் மங்கையர்க்கரசி. அவ்வளவு நீளப் பெயரைக் கூப்பிட யாருக்குப் பொழுதிருக்கிறது? ஊருக்கெல்லாம் அவள் அரசி. ஆரணிப் பக்கம் அரிசி மில் கோதண்டத்தின் நாலாவது பெண். மூன்றாவது பெண்ணைப் பார்க்கத்தான் ஜெகதீசன் வந்தார். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று இவள் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். தாலியும் இவள் கழுத்திலேயே ஏறிவிட்டது. அக்காள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டாமல் ஒரு போனையும் வைத்ததில்லை.

ஜெகதீசனுக்குக் கிர்கி தொழிற்சாலையில் வேலை. அங்கேயுள்ள தமிழர்களுக்குத் தமிழ் மன்றம் என்று ஒன்று இருந்ததே தவிர, அதற்கு நிற்க ஒரு இடம் கிடையாது. மன்றத்தின் இரும்பு பீரோ, முந்நூறு புத்தகங்களோடு, "ஒரு மாசம் இருக்கட்டும்" என்று ஜெகதீசன் வீட்டு முன்னறைக்கு வந்தது. பத்தொன்பது வருஷம் ஆயிற்று. சோபா போட இடமில்லை, சுவரில் ஆணி அடிக்க இடமில்லை என்று அரசி அதைத் திட்டாத நாளில்லை. மூன்று வருஷத்துக்கு முன் ஜெகதீசன் போய்ச் சேர்ந்தார். பெற்ற ஒரே பெண் நாக்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அதன் பிறகுதான் அரசி ஒன்றைக் கவனித்தாள். ஜெகதீசனுக்காக வந்தவர்கள் பதினாறாம் நாளோடு நின்றுவிட்டார்கள். பீரோவுக்காக வந்தவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள்.

வருகிறவர்களை டீ குடிக்காமல் அவள் விட்டதில்லை. பீரோ போய்விட்டால் அந்தக் கதவைத் தட்டப் பால்காரனும் மின்சார மீட்டர் பார்க்கிறவனும்தான் மிச்சம். இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. "மன்றத்துச் சொத்து, நம்ம பொறுப்பு" என்று மட்டும் சொல்லிக்கொள்வாள்.

அந்த முந்நூறில் ஒன்றைக்கூட அவள் படித்ததில்லை. அஞ்சாங்கிளாசோடு நின்ற படிப்பு. ஆனால் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பேசுவாள். திருப்பிக் கொடுக்கிறவர் சொல்வதை அடுத்து எடுக்கிறவரிடம் சொல்லிவிட்டால் போயிற்று. இருபக்கத்தாரும் அவளை நல்ல ரசிகை என்று நம்பினார்கள்.

போன வருஷம் மன்றத்துக்குப் புதுச் செயலாளர் வந்தான். மகர்பட்டாவில் பதினோராவது மாடியில் இருக்கிற ஷ்யாம். கோயம்புத்தூர்ப் பிள்ளை, கம்ப்யூட்டர் கம்பெனி. கெட்டவன் இல்லை, எதையும் நன்றாகச் செய்ய வேண்டும் என்கிற வியாதிதான். பீரோவைச் சுற்றிவந்து பார்த்தான்.

"ஏனுங்க்கா, மாசத்துக்கு எத்தனை பேர் எடுக்கறாங்க?"

"வருவாங்க தம்பி. வந்துட்டுதான் இருப்பாங்க."

"நம்பர் ஏதாவது இருக்குங்களா?"

நம்பர் இல்லை. எங்கள் கிளப்ஹவுஸில் ஏ.சி. போட்ட அறை சும்மா கிடக்கிறது, அங்கே கொண்டுபோனால் படிக்கிறவர்கள் அதிகமாவார்கள் என்றான் ஷ்யாம். அரசி அவலைத் தாளித்த போஹா தட்டை நீட்டினாள். போஹா தின்றவன் கொஞ்சம் இளகி, ஒரு வழி சொன்னான். ஏதாவது ஒரு புத்தகத்தை எல்லாரும் படிக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த முன்னறையிலேயே உட்கார்ந்து அவரவர் அபிப்பிராயத்தைச் சொல்லட்டும். இங்கே உண்மையாகவே வாசகர்கள் இருந்தால் பீரோ இங்கேயே இருக்கலாம்.

எடுத்த புத்தகம் 'மழை பூட்டிய கோட்டை'. அந்தச் சமயம் புனேயில் எந்தப் பள்ளிக்கூடப் பையைத் திறந்தாலும் அதன் இங்கிலீஷ் மூலம் கிடந்தது. மழையை ஒரு கோட்டைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்களாம். எல்மா என்ற பெண் அதைத் திறந்துவிடப் போகிறாளாம். தமிழில் வந்த பிரதி ஒன்றை யாரோ பீரோவுக்குத் தானம் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் சோற்றை மறந்து எதைப் படிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பெற்றவர்களுக்கும் ஆசை. ஒரே பிரதி ஆறு வாரத்தில் நாலு வீடு சுற்றியது.

முதலில் கசார்வாடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் இருதயராஜ் கொண்டுவந்து கொடுத்தார். திருநெல்வேலிக்காரர்; ஜெகதீசனின் கூட்டாளி, அதனால் அரசி அவருக்குத் தங்கச்சி.

"எப்படிண்ணே இருக்குது?"

"என்னத்த சொல்ல. கடைசில அந்தப் புள்ள பூட்டுல கைய வச்சதோட சரி. பூட்டு தொறக்கவே இல்ல. முந்நூறு வருசத்துத் துரு தங்கச்சி, தொட்டா தொறந்துருமா? ஒரு சொட்டு எண்ணெய் விடணும்னு எழுதுனவனுக்குத் தெரியல."

அடுத்து, மன்றத்து ரஃபீக் பாயின் சம்சாரம் ஜமீலா. "அக்கா, அந்தப் பொண்ணு முந்நூறு படி ஏறுது. திருப்பியும் கீழேருந்து முந்நூறு ஏறுது. ஒரு வாய் தண்ணி குடிச்சிச்சுன்னு எங்கியாவது இருக்கா பாருங்க. இதப் படிச்சிட்டுத்தான் எங்க வீட்டுல இதுங்க டிபன் டப்பாவ அப்படியே திருப்பிக் கொண்டாருதுங்க."

மூன்றாவது விசாலாக்ஷி. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "எல்லாம் நம்மவா சொன்னதுதான் அரசி. மொதல்ல படி ஏறினாளே, அது இந்த ஜன்மம். மறுபடி ஏறறாளே, அது அடுத்தது. மோக்ஷம் வரைக்கும் பூட்டு தெறக்காது. வெள்ளைக்காரன் நம்மகிட்ட எடுத்துண்டு, பேரை மாத்தி நமக்கே விக்கறான்."

கடைசியாக எடுத்துப்போனவன் ஷ்யாம். திருப்பிக் கொடுக்கும்போது, "மீட்டிங்ல பேசறேனுங்க்கா" என்றான். நோட்டுப் புத்தகத்தில் ஒன்பது பக்கம் குறிப்பு எடுத்திருந்தான்.

கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. புத்தகம் வீட்டில் சும்மா கிடந்தது. நாளைக்கு நாலு பேர் நடுவில் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் எந்த அபிப்பிராயத்தை எடுத்து நீட்டுவது? பூட்டையா, தண்ணீரையா, மோட்சத்தையா? மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வேறு வழியில்லாமல் அரசி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு வரி விரலை வைத்துப் படிக்க உட்கார்ந்தாள்.

ஆறு நாள் ஆயிற்று. எல்மா கோட்டை வாசலுக்குள் நுழைந்தாள். படி ஏறினாள். காவல் காக்கும் காகம் "நீ தாமதமாக வந்தாய்" என்றது. பூட்டின்மேல் கை வைத்தாள். பக்கத்தைப் புரட்டினால், எல்மா மறுபடி கோட்டை வாசலுக்குள் நுழைகிறாள். மறுபடி படி. மறுபடி காகம், மறுபடி அதே "தாமதமாக வந்தாய்". ஒரு எழுத்து மாறவில்லை. தான்தான் இடம் தவறிவிட்டோம் என்று அரசி விரலை மேலே கொண்டுபோய்ப் பக்க எண்ணைப் பார்த்தாள். இருநூற்று எழுபத்திரண்டு. அடுத்த பக்கம், இருநூற்று ஐம்பத்தேழு. அங்கிருந்து மறுபடி இருநூற்று எழுபத்திரண்டு, அதோடு அட்டை.

படித்தவர்களுக்கு இது ஒரு புதிர். அரசிக்கு இல்லை. அவள் சின்ன மாமனார் முனுசாமி வீட்டில் ஒரு வருஷம் மளிகைக்கடைக் காலண்டர் இப்படித்தான் வந்தது. ஜூலை இரண்டு தடவை, ஆகஸ்ட் இல்லவே இல்லை. கடைக்காரனைக் கேட்கக் கூச்சப்பட்டு, மாமனார் ஆகஸ்ட் முழுக்க ஜூலைத் தாளையே கிழித்துக்கொண்டிருந்தார். அதே கைதான் இங்கேயும் வேலை செய்திருக்கிறது. பைண்டு செய்கிறவன் ஒரே பதினாறு பக்கத்தை இரண்டு தரம் வைத்துத் தைத்துவிட்டான். கதையின் முடிவு வேறு எந்தப் புத்தகத்துக்குள்ளோ, அல்லது அச்சாபீஸ் தரையிலேயோ கிடக்கிறது.

நாலு பேர் படித்தார்கள்; ஒருவருக்குக்கூடப் பக்க எண்ணைப் பார்க்கத் தோன்றவில்லை. பிள்ளைகளைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் "எனக்கு முடிவு புரியவில்லை" என்று பெற்ற பிள்ளையிடம் எந்தத் தகப்பன் கேட்பான்? ஊரே கொண்டாடும் புத்தகம். புரியாதது தன் குறையாகிவிட்டால்?

அரசி புத்தகத்தை மூடி வைத்தாள். சொன்னால் நாலு பேரும் தலைகுனிவார்கள். இங்கே வாசகர்களே இல்லை என்று ஷ்யாம் ஞாயிறன்றே டெம்போ கொண்டுவந்து பீரோவை ஏற்றிவிடுவான். வாயை மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கப் போனாள்.

கூட்டத்துக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். நாலு பேர் படித்தவர்கள், மற்றவர்கள் கேட்க வந்தவர்கள். அந்த முன்னறையில் அத்தனை குரல் ஒலித்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.

"எண்ணெய் விட்டுருந்தா முதல் தடவையே தொறந்துருக்கும். ரெண்டாந்தடவ ஏற வேண்டிய சோலியே இல்ல" என்றார் இருதயராஜ்.

"ஜன்மாவுக்கு எண்ணெய் விட முடியுமா ராஜ்?" என்றார் விசாலாக்ஷி.

"அத விடுங்க மாமி, பச்சப்புள்ள பட்டினி கிடக்குது, அத யாரும் கேக்கல" என்றாள் ஜமீலா.

"கேட்டா காகம் வடை குடுத்துருக்கும், போம்மா" என்றார் இருதயராஜ். அறை முழுக்கச் சிரிப்பு.

கடைசியில் ஷ்யாம் எழுந்தான். நோட்டைத் திறந்தான். சாதாரண எழுத்தாளன் பூட்டைத் திறந்து மழையைக் கொட்டவைத்து முடித்திருப்பான் என்றான். இவர் அப்படிச் செய்யவில்லை. ஒரு சொல்கூட மாற்றாமல் அதே ஏற்றத்தைத் திரும்ப எழுதுகிறார். காலம் வட்டமானது, தேடல்தான் வாழ்க்கை, முடிவு என்பது மாயை. குழந்தைக் கதைக்குள் இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். இருபது நிமிஷம் பேசினான். கேட்டவர்கள் கை தட்டினார்கள். இருதயராஜ்கூட, "அப்ப எண்ணெய் விடாதது வேணும்னுதான் போல" என்று யோசனையில் இறங்கிவிட்டார்.

அரசிக்கு மூச்சு வந்தது. பீரோ தப்பிவிட்டது என்று நினைத்தாள்.

"இவ்வளவு அருமையா பேசறீங்க" என்றான் ஷ்யாம், கூட்டத்தைப் பார்த்து. "இந்த நெரிசல்ல நடக்க வேண்டிய பேச்சே இல்லைங்க இது. நம்ம கிளப்ஹவுஸ்ல முப்பது சேர் இருக்குது. அடுத்த ஞாயிறே பீரோவை அங்க கொண்டு போயிரலாங்க."

எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. வாசகர்கள் இல்லாவிட்டால் பீரோ போகும் என்று பேச்சு. இருந்தாலும் போகும் என்று அரசி எதிர்பார்க்கவில்லை. சமையலறைக்குள் போய்வந்தாள். பிறகு, "ஷ்யாம் தம்பி, டீத் தட்டு கனமா இருக்குது, கொஞ்சம் கை குடுங்க" என்று சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

அடுப்பு மேடையில் புத்தகம் விரிந்து கிடந்தது.

"இந்த நம்பரை மட்டும் பாருங்க தம்பி. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

ஷ்யாம் பார்த்தான். புரட்டினான். மறுபடி பின்னால் புரட்டினான். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"இது... பைண்டிங் மிஸ்டேக்குங்களா?"

"எனக்கு என்ன தெரியும், அஞ்சாங்கிளாஸ். நீங்க சொன்ன மாதிரி காலம் வட்டமாவும் இருக்கலாம்."

"வேற யாருக்குங்க்கா தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. புத்தகம் நம்ம பீரோவுலதானே இருக்குது. பெரிய எடத்துக்குப் போனா பத்துப் பேரு புரட்டுவாங்க, நம்பரையும் பார்ப்பாங்க. இங்கயே இருந்தா நான் பத்திரமாப் பார்த்துக்குவேன்." ஏலக்காய் தட்டிப் போட்ட டீயை வடிகட்டியபடியே சொன்னாள். குரலில் மிரட்டல் ஒன்றும் இல்லை. சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலத்தான் இருந்தது.

ஷ்யாம் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான். யோசித்துப் பார்த்தால் பேச்சுக்கு நெரிசலும் வேண்டியிருக்கிறது என்றான். ஏ.சி. அறையில் இந்தச் சூடு வராது. பீரோ இங்கேயே இருக்கட்டும்; மாதம் ஒரு ஞாயிறு எல்லாரும் இங்கே வரலாம். இதற்கும் கை தட்டினார்கள். மகர்பட்டாவிலிருந்து வந்த இரண்டு பேர், செயலாளர் எவ்வளவு எளிமையானவர் என்று பேசிக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து ஷ்யாம் ஒரு பையோடு வந்தான். உள்ளே முழுசான பிரதி ஒன்று. "அதை எடுத்துட்டு இதை வெச்சிருங்க்கா." அரசி வாங்கிக்கொண்டாள். கடைசிப் பதினாறு பக்கத்தை அன்றைக்கே விரல் வைத்துப் படித்தாள். மழை பெய்தது, நன்றாகத்தான் பெய்தது. பெய்ததற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது என்று யோசித்து, புத்தகத்தைப் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். பழைய பிரதி பீரோவிலேயே இருந்தது.

அடுத்த மாத ஞாயிறு பத்தொன்பது பேர். மகர்பட்டாவிலிருந்து மூன்று காரில் வந்திருந்தார்கள். ஷ்யாமின் பேச்சைப் பற்றி வாட்ஸ்அப்பில் கேள்விப்பட்டு வந்தவர்களாம். உட்கார இடம் போதவில்லை. அரசி தன் ஸ்டூலையும் முன்னறைக்குத் தள்ளிவிட்டு வாசற்படியில் நின்றாள்.

"அந்த வட்டம் விஷயத்தை இவங்களுக்கும் ஒரு தரம் சொல்லேன் ஷ்யாம்" என்றார் விசாலாக்ஷி.

ஷ்யாம் அரசியைப் பார்த்தான்.

"சொல்லுங்க தம்பி" என்றாள் அவள். "பாவம், இவங்க எல்லாம் கேட்டதில்ல."