ஒற்றைத் தும்மலும் மில் பஸ்ஸும்

பிள்ளைகளா, சகுனம் பார்ப்பது தப்பு என்று சர்ச்சில் ஞாயிறு பூசையில் சாமியார் கண்டித்துச் சொல்லிவிட்டார். அதனால் நம் குடும்பத்தில் யாரும் சகுனம் பார்ப்பதில்லை. கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால் மட்டும், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவோம். அது சகுனத்தில் சேராது.

கல்யாணமான புதிதில் வேடசந்தூரில் உங்கள் அம்மா வீட்டில் வேலையில்லாமல் மூன்று மாதம் இருந்தேன். முதல் வாரம் கறிக்குழம்பு, அடுத்த மாதம் முட்டை, அப்புறம் வெறும் ரசம். அந்த நேரத்தில்தான் நூல் மில்லில் வேலை கிடைத்தது. மதியம் இரண்டு மணி ஷிப்ட். "மொத நாளே லேட்டா வந்தா அப்படியே திரும்பிப் போயிரணும்" என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

அன்றைக்குப் பார்த்து மாமியார் அடுப்படியில் மிளகாய் வறுத்தார். நான் வாசலில் கால் வைத்ததும் மாமனார் ஒரு தும்மல் போட்டார். ஒன்றே ஒன்று.

"மாப்ளே, செத்த நேரம் உக்காருங்க."

"பஸ் வந்திரும் மாமா."

"நான் இதையெல்லாம் நம்புறவன் இல்ல. எதுக்கும் உக்காருங்க."

தண்ணீர் குடித்து எழுந்தேன். மாமியார் தும்மினார். மறுபடியும் ஒரு செம்பு.

"அப்பாவே இன்னொண்ணு போட்டா ரெட்டைத் தும்மலாயிரும், தோஷமில்ல" என்றாள் உங்கள் அம்மா. மாமனார் துண்டின் நுனியைத் திரித்து மூக்கில் விட்டார். வெயிலை அண்ணாந்து பார்த்தார். வரவில்லை. "வேணுங்கிறப்ப வருதா பாரு!" என்று மூக்கைக் கோபித்துக்கொண்டார்.

தெருமுனையில் மில் பஸ் ஹாரன் அடித்தது. நான் எழுவதற்குள் மாமனார் ஓடிப்போய்க் குறுக்கே நின்றுவிட்டார்.

"செத்த நில்லுப்பா. மாப்ள மொத நாள் கிளம்புறாரு, ஒத்தத் தும்மலாப் போச்சு."

டிரைவர் திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் இன்ஜினையே அணைத்துவிட்டார்.

"ஒத்தையா? எனக்கும் நம்பிக்கை கெடையாது. ஆனா நாப்பது உசுரு வண்டியில இருக்குல்ல."

செம்பு ஜன்னல் ஜன்னலாகப் போனது. "இதெல்லாம் சும்மா" என்று சொல்லிக்கொண்டே ஒரு அக்கா இரண்டு மடக்கு குடித்தது.

மில் கேட்டில் சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். இருபது நிமிஷம் லேட். "பஞ்சர் சார்!" என்றார் டிரைவர். நாற்பது பேரும் தலையாட்டினார்கள். அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினால் மெஷினை யார் ஓட்டுவது? முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டார். என் வேலை தப்பியது.

"நெசத்தையே சொல்லியிருக்கலாமேண்ணே" என்றேன் டிரைவரிடம்.

"தும்மலுக்காக நின்னோம்னா சொல்லச் சொல்ற? மனுசன் நம்மள என்ன நெனப்பான்!" என்றார்.