கல் மழை பெய்த பதினொரு நாட்கள்

அந்தமானில் ஆலங்கட்டி மழை பெய்கிறது என்று உலகத்துக்கு முதன்முதலில் அறிவிக்க இருந்தவள் நான். ஒரே ஒரு ஆள் குறுக்கே வந்திராவிட்டால் அறிவித்தும் இருப்பேன். அந்த ஆள் யார், எந்த நாடு, ஆணா பெண்ணா, எதுவும் இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர்ட் பிளேரில் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். வீடும் அதே ஊரில், டாலிகஞ்சில். சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். இங்கே வந்து பதினாறு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் அடுத்தவர்கள் கண்டுபிடித்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே காலம் ஓடிவிட்டது. நானாக ஒன்றைக் கண்டு, எழுதி, ஒரு ஆய்விதழில் வெளியிட வேண்டும் என்ற ஆசை நாற்பதைத் தாண்டிய பிறகுதான் வந்தது. வந்த வேகத்தில் போகாமல் தங்கியும்விட்டது.

எடுத்துக்கொண்ட விஷயம் எளிமையானது. தென்னையில் காய் பிடித்த புதிதில் குரும்பை உதிரும். எப்போது அதிகம் உதிர்கிறது, மழைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று பார்க்க வேண்டும். ஹேவ்லாக் தீவில் எனக்குத் தெரிந்தவரின் தென்னந்தோப்பு இருந்தது. அங்கே தினக்கூலி மஸ்தூராக ஒரு பெண் வேலை செய்தார். என் வயதுதான் இருக்கும். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். நிக்கோபார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். நான் ஒரு மழைமானியை நட்டு, ஒரு நீள நோட்டைக் கொடுத்து, தினம் காலையில் முப்பது மரத்தடியில் விழுந்த குரும்பைகளை எண்ணி எழுதச் சொன்னேன். இரண்டு வருடம் எழுதினார். ஒரு நாள் விடவில்லை. காய்ச்சல் வந்த நாளில்கூட "புகார்" என்று ஓரத்தில் குறித்துவிட்டு எண்ணியிருக்கிறார். இங்கே யாரும் காய்ச்சல் என்பதில்லை. புகார் என்றால் யாரோ யார்மேலோ புகார் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும் நிலையை நான் வந்த முதல் வருடமே தாண்டிவிட்டேன். அந்தத் தைரியம்தான் பின்னால் என் காலை வாரியது.

மாதக் கடைசியில் பக்கங்களைப் படமெடுத்து அனுப்புவார். நான் கல்லூரியில் உட்கார்ந்து கணினியில் ஏற்றுவேன். மழை நின்று வெயில் காய்ந்தால் "சூக்கா" என்று இருக்கும். எண்ணும்போதே தூறினால் "மழை". எல்லாம் தமிழ் எழுத்து. பாதித் தமிழ், பாதி இந்தி. ஒரு நாள் பக்கத்தில் "கல் மழை" என்று இருந்தது. அதற்கு நேரே குரும்பைக் கணக்கு வழக்கத்தைவிட மூன்று மடங்கு. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

கிருஷ்ணகிரிக்காரிக்குக் கல் மழை என்றால் விளக்கம் வேண்டாம். சித்திரையில் வானம் கறுத்து, தகரக் கூரைமேல் கல் விழ ஆரம்பித்தால், மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். விடிந்தால் மரத்தடியெல்லாம் காய் கிடக்கும். அதே கதை இங்கே தென்னையில் நடக்கிறது என்று முடிவு கட்டினேன். இரண்டு வருட நோட்டைத் திரும்பப் புரட்டியதில் பதினொரு கல் மழை நாட்கள் கிடைத்தன. பதினொன்றிலும் குரும்பை கொட்டியிருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

டாலிகஞ்சில் நான் பால் வாங்கும் கடை ஒரு பெங்காலி அண்ணனுடையது. வாய் சும்மா இராமல் அவரிடம் கேட்டேன், இங்கே ஆலங்கட்டி விழுந்து பார்த்திருக்கிறீர்களா என்று.

"ஓலே? இதர்? கபீ நஹீ தேகா, மேடம்" என்று சிரித்தார். பிறந்ததிலிருந்து இங்கேயே இருப்பவர், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லையாம். நீங்கள் கடைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் எப்படித் தெரியும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்துவிட்டேன். படித்தவள் என்ற திமிர் லேசில் விடுமா?

கட்டுரை எழுத ஆறு மாதம் ஆனது. எழுதியது ஒரு பங்கு என்றால் ஆய்விதழின் விதிகளுக்குள் அதைத் திணித்தது மூன்று பங்கு. சுருக்கம் இருநூற்றைம்பது சொல்லைத் தாண்டக் கூடாது. என்னுடையது நானூறு. ஒவ்வொரு சொல்லாக வெட்டியபோது சொந்த முடியைப் பிடுங்குவதுபோல் இருந்தது. மேற்கோள் நூல்களில் எங்கே கமா, எங்கே முற்றுப்புள்ளி என்பதற்கே எட்டுப் பக்க விதி. வரைபடம் மங்கலாக இருக்கிறது என்று வலைத்தளம் நான்கு முறை திருப்பியடித்தது.

ஆனாலும் அந்த வலைத்தளத்தில் ஒரு பக்கத்தை நான் திரும்பத் திரும்பப் போய்ப் படித்தேன். திறந்த அணுக்க இதழ் என்றால் என்ன என்று அதில் எழுதியிருந்தார்கள். எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சொன்னால் போதும். நான் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது ஒரு கட்டுரை கிடைக்காமல், அது இருக்கும் நூலகத்துக்குக் கப்பல் ஏறி மெயின்லேண்ட் போய் வந்தவள். எனக்கு அந்தப் பக்கம் பிரமிப்பாக இருந்தது. அன்னதானத்தில்கூட வரிசையில் நிற்க வேண்டும், இதில் அதுவும் இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன்.

கடைசியில் நன்றியுரை. "தரவு சேகரிப்பில் உதவிய ஹேவ்லாக் களப்பணியாளருக்கு நன்றி." ஒரு வரி. இப்படிப் போடு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. வேறு விதமாகப் போடலாம் என்று எனக்கே தோன்றவில்லை, அவ்வளவுதான். அனுப்பும் பொத்தானை ஒரு மத்தியானம், ஆசிரியர் அறையில், சாமியை வேண்டிக்கொண்டு அழுத்தினேன்.

"பரிசீலனையில்" என்ற ஒற்றைச் சொல்லை நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதில் வந்தது. இதழாசிரியரின் கடிதம் சிறியது: திருத்தி அனுப்பலாம், ஆனால் ஆலங்கட்டி மழைக் குறிப்புக்கு விளக்கம் கிடைக்காவிட்டால் நோட்டின் மற்றக் குறிப்புகளையும் நம்ப முடியாது, கட்டுரையை ஏற்க இயலாது.

கூடவே மதிப்பாய்வாளர் எழுதியது ஆறு பக்கம். பெயர் இல்லை, அந்த முறையில் நம்மை அவருக்குத் தெரியும், அவரை நமக்குத் தெரியாது. முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாவது முறை படிக்கும்போது கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் கட்டுரையை, என் கணவர்கூட முழுசாகப் படிக்காத கட்டுரையை, எங்கோ ஒருவர் வரி வரியாக உட்கார்ந்து படித்திருந்தார். நான் அட்டவணையில் விட்டிருந்த ஒரு கூட்டல் பிழையைத் தானே கூட்டிப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தார். இதற்கு அவருக்குச் சம்பளம் கிடையாது, நன்றி சொல்ல முகவரி கிடையாது. இப்படியும் மனிதர்கள் இருக்கிறார்களா என்று வியந்துபோனேன்.

அவர் முக்கியமாகக் கேட்டவை இரண்டு. வெப்பமண்டலத்தில், கடல் மட்டத்தில், இரண்டு வருடத்தில் பதினொரு ஆலங்கட்டி மழை என்பது நம்பக் கடினமாக இருக்கிறது. குறித்தவரிடமே ஒருமுறை கேட்டுப் பார்க்க முடியுமா? இரண்டாவது: இரண்டு வருடம் ஒரு நாள் விடாமல் குறித்த அந்தக் களப்பணியாளர் யார்? இந்தக் கட்டுரையே அந்தக் குறிப்புகள்தானே, அவர் ஏன் கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராக இல்லை?

இரண்டாவது கேள்வி சுருக்கென்றது. ஆனால் முதல் கேள்வியின் பயத்தில் அதை ஒதுக்கினேன். மறுவாரம் ஹேவ்லாக் போட்டில் ஏறியபோது என் மனதில் இருந்தது நன்றியல்ல, சந்தேகம். மழையில் நனையச் சோம்பி வீட்டில் உட்கார்ந்தபடி எதையாவது எழுதி வைத்தாரோ? என் இரண்டு வருடம் போயிற்றே! அவருடைய இரண்டு வருடம் என்று அப்போதும் எனக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

தோப்பில் அவர் மட்டை இழுத்துக்கொண்டிருந்தார். நோட்டை விரித்துக் காட்டினேன்.

"இந்த நாள்ல எல்லாம் நிஜமாவே கல்லு விழுந்துச்சா? நீங்க கண்ணால பாத்தீங்களா?"

அவர் நோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கல்லா? எந்தக் கல்லு மேடம்?"

"நீங்கதானே எழுதியிருக்கீங்க, கல் மழைன்னு?"

"ஆமா, கல் மழை. அன்னிக்குக் காலைல சூக்கா. மொத நாளு நான் வேலை முடிஞ்சு போனப்பறம் ஜோரா பெஞ்சிருக்கு, மழைமானியில பானி ரொம்பிக் கெடந்துச்சு. அதான் கல் மழைன்னு போட்டேன்." நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார். "கல், பர்சோன்னு சொல்றோம்ல மேடம். அந்தக் கல்."

நேற்று. தமிழ் எழுத்தில் எழுதிய இந்தி நேற்று. "பாரிஷ்" என்று முழுசாக இந்தியில் எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். மழை தமிழில் இருந்ததால் கல்லும் தமிழ் ஆகிவிட்டது. பதினாறு வருடம் கடையிலும் பஸ்ஸிலும் தினம் நான் சொல்கிற சொல். எழுத்தில் பார்த்ததும் என் காதுக்குக் கிருஷ்ணகிரித் தகரக் கூரைதான் கேட்டிருக்கிறது. அங்கே இருப்பவர்கள் கைக்கு இந்த நோட்டே வந்திருக்காது, இங்கேயே பிறந்தவர்கள் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிற என்னைப் போன்ற அறிவாளிதான் செய்ய முடியும்.

வெட்கத்தில் ஏதாவது கேட்க வேண்டுமே என்று கேட்டேன். "இந்தியில கல்னா நேத்தும் கல்தான், நாளைக்கும் கல்தான். இது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"நாளைக்குப் பெய்யப்போற மழைய நான் எப்படி மேடம் அளந்து எழுதுவேன்?"

இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். அவர் கீழே கிடந்த ஒரு குரும்பையை எடுத்து என் கையில் வைத்தார்.

"அடிச்சுப் பெஞ்சா அன்னிக்கு அவ்ளோ விழாது. மறுநாத்தான் கொட்டும். மொதல்ல எனக்கும் தெரியல. அப்பறம் பாத்தேன், ஒவ்வொரு தபாவும் அப்படியே இருக்கு. நீங்க மழைக்கும் இதுக்கும் என்னன்னு கேட்டீங்கல்ல? அதுக்குத்தானே கல் மழைன்னு தனியா எழுதி வச்சேன்."

நான் தேடிய பதில் அதுதான். ஆறு மாதம் வரைபடம் போட்டும் எனக்குப் பிடிபடாததை அவர் எண்ணிக்கொண்டே பார்த்துவிட்டார். பார்த்து, எழுதியும் வைத்துவிட்டார். நான்தான் அதைக் கல்லாக்கி வைத்திருந்தேன். ஆய்வு என்று நான் வகுப்பில் பலகையில் எழுதிப் போடுவதெல்லாம் என் எதிரில் மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

அங்கேயே, மரத்தடியில், அவரையும் கட்டுரையின் ஆசிரியராகச் சேர்க்கலாமா என்று கேட்டேன். என்ன செய்ய வேண்டும் என்றார். தப்பாக எதுவும் எழுதவில்லை என்று நீங்களும் பொறுப்பு ஏற்க வேண்டும் என்றேன். "எண்ணுனதுக்குப் பொறுப்பு எடுத்துக்கறேன். இங்கிலீசுக்கு நீங்க எடுத்துக்குங்க" என்றார். இதைவிடத் தெளிவாக எந்த இதழும் எழுதிவைக்கவில்லை.

போன் வாங்கியபோது கடைக்காரர் திறந்து கொடுத்த மின்னஞ்சல் ஒன்று அவரிடம் இருந்தது. படிவத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு இன்னொரு கட்டம், இரண்டும் கட்டாயம். எனக்கு அப்பா பெயர் இருக்கிறது, இழுத்துப் போட்டுவிட்டேன். அவருக்கு ஒரே பெயர்தான்.

"உங்க வீட்டுக்காரர் பேரப் போடட்டுமா?"

"அவரு ஒரு குரும்பைகூட எண்ணலையே மேடம்."

"அப்பா பேரு?"

கொஞ்சம் யோசித்தார். "என் பேரையே ரெண்டுலயும் போடுங்க."

திருத்திய கட்டுரையை அனுப்பினேன். ஆலங்கட்டி போய் நேற்றைய மழை வந்தது. மதிப்பாய்வாளருக்கு எழுதிய பதிலில், ஒரு சொல்லால் நேர்ந்த பிழையை ஒளிக்காமல் எழுதினேன். அவரிடமிருந்து இரண்டே வரி வந்தது: இவ்வளவு அழகான பிழையைத் தான் பார்த்ததில்லை, கட்டுரையை ஏற்கலாம்.

என் பெயரை முதலில் வைத்துக்கொண்டேன், அவர் பெயர் இரண்டாவது. அது சரிதானா என்று இன்றும் எனக்குள் ஓர் உறுத்தல் உண்டு.

வெளியான வாரமே ஹேவ்லாக் போனேன். அவருடைய போனிலேயே சுட்டியைத் தொட்டுத் திறந்தார்.

"பாஸ்வேர்டு?"

"வேணாம்."

"யாரு வேணும்னாலும் பாக்கலாமா? மெயின்லேண்ட்லயும்? சிலோன்லயும்?"

"எங்க இருந்து வேணும்னாலும்."

இரண்டு விரலால் பக்கத்தைப் பெரிதாக்கி, தன் பெயரில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"பேரு ரெண்டு தடவ இருக்கு" என்றார்.

"நீங்கதானே சொன்னீங்க."

"சொன்னேன். இப்பப் பாக்கறப்ப வேற மாதிரி இருக்கு." சிரித்தார். "ரப்பர் தோட்டத்துல காலைல பெரட்டு எடுப்பாங்க மேடம். எல்லாரையும் நிறுத்திவச்சுப் பேரு கூப்புடுவாங்க. எங்கம்மா பக்கத்துல நிப்பேன். ஒரு தடவ கூப்புட்டுச் சத்தம் வரலேன்னா ரெண்டாந்தடவ கூப்புடுவாங்க. அதுக்கும் வரலேன்னாத்தான் ஆப்சென்ட்." போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். "என்னை ரெண்டு தடவ கூப்புட்டிருக்கு. நான் இருக்கேன்."

நான் முதலில் அனுப்பிய பிரதியில் அவரை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அது எனக்கும், முகம் தெரியாத அந்த மதிப்பாய்வாளருக்கும் மட்டும்தான் தெரியும்.