மூன்றாவது பாட்டு மட்டும் பழகிய அப்பா

போன சனிக்கிழமை, லண்டன் குரோய்டனில் ஒரு விழா ஹோல். எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாள். மாலையும் கழுத்துமாக நின்ற நான், எந்தக் கதவால் ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்... ஏன் என்கிறீர்களா, பிள்ளைகளே?

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. விழாவில் பாட்டுப் போட்டதும் அப்பாமார் கார் பார்க்குக்குப் போய்விடுவார்கள். திறந்த டிக்கியைச் சுற்றி நின்று அரசியல் பேசுவார்கள். உள்ளே அம்மாமார் தனியாக ஆடுவார்கள். நானும் கார் பார்க் கட்சிதான்.

என் மனைவி சுகந்தியோடு வேலை செய்யும் கொலம்பியாத் தோழி ஒருவர், அவர்கள் ஊர் ஆட்டப் பாட்டான சல்சாவைப் பாடும் பாடகி ஒருவரின் அல்பத்தை அவளுக்கு அறிமுகப்படுத்தியிருந்தார். அது எந்நேரமும் எங்கள் ஸ்ட்ரெதம் வீட்டுக் குசினியில் ஓடும். விழாவுக்கு ஒரு மாதம் முன், அங்கே சமைத்துக்கொண்டு நின்ற சுகந்தி என்னைப் பார்த்தாள்.

“இஞ்சாருங்கோ, ஒரே ஒரு பாட்டுக்கு என்னோட ஆடுவியளோ? இல்லாட்டி அண்டைக்கும் டிக்கியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டுதான் நிப்பியளோ?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால், பதில் வரும்வரை அடுப்பை அணைத்துவிட்டு நின்றாள்.

“ஆடுறன்” என்றேன்.

அல்பத்தில் மூன்றாவது பாட்டு மெதுவானது. கிட்டார், மெல்லிய தாளம் – நடந்தாலே ஆட்டமாகிவிடும். அதை மட்டும் பழகினேன்.

“அப்பா, மற்றப் பாட்டுகளையும் கேளுங்கோ. அதில எல்லா ஸ்டைலும் கலந்திருக்கு” என்றாள் மகள் ஆரணி.

“ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம், பிள்ளை” என்றேன். எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கும் பக்திப் பாட்டுக் கசெட் கேட்டு வளர்ந்தவன் வேறு என்ன சொல்வான்?

ஹோலில் ஆரணிதான் பாட்டுக்குப் பொறுப்பு. அல்பத்தை முதலிலிருந்தே ஓடவிட்டாள். ட்ரம்பெட், மேளம்... புயல்!

“மூண்டாவதைப் போடு, பிள்ளை.”

“ஒரு சோறு பதம், அப்பா.”

கால் கதவுப் பக்கம் திரும்பியது. சுகந்தி என் கையைப் பிடித்திருந்தாள். இழுக்கவில்லை, சும்மாதான் பிடித்திருந்தாள். இழுத்திருந்தால் ஓடியிருப்பேன்.

எனக்குத் தெரிந்த ஒரே ஆட்டம், இலங்கையில் கொண்டாட்டங்களில் ஆடும் பைலா. சல்சாவுக்கு அதையே ஆடினேன். சுகந்தி சிரித்துச் சிரித்து ஆடியதில் மாலை பிய்ந்தே போனது. கொலம்பியாத் தோழி ஓடிவந்து, இது எந்த ஊர் ஸ்டைல் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். தலையாட்டினார்.

ஆடத் தெரியாதது பிழையில்லை, பிள்ளைகளே. கூட வந்தவரைத் தனியாக ஆட விடுவதுதான் பிழை.

பாட்டு முடிந்து பார்த்தால், கார் பார்க் கட்சி முழுவதும் வாசலில் நிற்கிறது. அவர்களுடைய மனைவிமார் எல்லோரும் அவர்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அண்ணைமார் ஒருவரும் இந்தக் கிழமை முழுவதும் என்னோடு கதைக்கவில்லை.