ஒயர் இல்லாம வந்த படம்

இப்பதான் நடந்தது. அவசரத்துல எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்குங்க.

மலேசியாவுல எங்க லிங்கி எஸ்டேட் லயத்து வீடுகள்ல போன் லைனே கிடையாது. தெமியாங் டவுன்லேருந்து சேகர் அத்தான் லேப்டாப்பும் ஹேண்ட்போனும் கொண்டுவந்து, மேசையில எதிரெதிரா வெச்சார். நடுவுல ஒயரே இல்ல; இன்ஃப்ராரெட் கதிர்லயே ரெண்டும் பேசிக்குமாம்.

"இண்டர்நெட் வந்துடுச்சு லா!"ன்னார். நான் நம்பல.

லண்டன்ல படிக்கிற என் தம்பி குமாரோட மெயில் வந்திருந்தது. "அக்கா, அம்மாகிட்ட காட்டு"ன்னு ஒரே வரி, கூட ஒரு படம்.

படம் மேலேருந்து கோடு கோடா இறங்குச்சு. முதல்ல அவன் முகம். "இளைச்சிட்டானே"ன்னு அம்மா கண்ணைத் துடைச்சாங்க.

அடுத்து, அவன் தோள்ல சாஞ்ச ஒரு பொண்ணு.

"யாருடி இது?"

"கூடப் படிக்கிறவளா இருக்கும்மா."

இன்னும் இறங்குச்சு. அவ கழுத்துல தாலி!

அதுக்கும் கீழ, குமார் கையில ஒரு துணிச் சுருள். அதுல ஒரு சின்ன நெத்தி, மூடின ரெண்டு கண்ணு. அதோட கனெக்‌ஷன் அறுந்துடுச்சு.

அம்மா அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. கத்தப்போறாங்கன்னு பயந்தேன். ஆனா, "சேகரு, மறுபடியும் போடுப்பா. புள்ள மூக்கு யாரு மாதிரின்னு பாக்கணும்"ன்னாங்க.

ரெண்டாவது தடவை முழுசா வந்துச்சு. எங்க வீட்டு மூக்குதான்.

இப்ப குமாருக்குப் பதில் எழுதணும். திட்டறதா, வாழ்த்தறதா? முதல் வரியை நீங்களே சொல்லுங்க லா.