செலி பற்றி நான் சொன்ன புத்தி

பிள்ளைகளே, போன ஏப்ரலில் அப்பா ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டீர்கள். வயிறு சரியில்லை என்றேன். அது பொய்.

புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் என்னோடு வேலை செய்யும் தம்பியை உங்களுக்குத் தெரியும். ஊரிலிருந்து மனைவி வரக் காத்திருந்தவர். வயதான காலத்துக்குக் காசு சேர்க்க எது நல்லது என்று கேட்டார். இங்கே வங்கியில் திறக்கிற செலி என்ற சேமிப்புக் கணக்கில் போடச் சொன்னேன். அமெரிக்காவில் மாமா றோத் கணக்கு என்று சொல்வாரே, அதைப்போல: வரி கட்டி மிஞ்சிய காசைப் போடுவது, பிறகு எடுக்கும்போது வரியில்லை. அதோடு நிறுத்தியிருக்கலாம். போட்டதை வரியில் காட்டினால் இந்த வருடமே கொஞ்சம் திரும்பி வரும் என்றும் சொன்னேன், எல்லாம் தெரிந்தவன்போல. அந்தக் காசில் மனைவிக்கு விமான ரிக்கெற் எடுக்க அவர் நினைத்திருந்தார்.

ஒரு சனிக்கிழமை இருவருமாக வில்லரேயில் வரி நிரப்பித் தருபவரின் வீட்டுப் பேஸ்மென்றுக்குப் போனோம். கதிரை எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள். தம்பியின் தாள்களைப் பார்த்துவிட்டு வரி நிரப்புபவர் சொன்னார்:

"செலியிலை போட்டதை வரியிலை கழிக்கேலாது தம்பி. றெயர் எண்ட ஓய்வுகாலக் கணக்கிலை போட்டிருந்தால் கழிச்சிருக்கலாம்."

"அப்ப ஒண்டும் திரும்பி வராதோ?"

"ஒரு சதமும் வராது. ஆர் உமக்கு இந்தப் புத்தி சொன்னது?"

பின்னாலிருந்து ஒருவர், "அவரைக் கனடாவுக்கு நிதி மந்திரியாப் போடவேணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தம்பி என் பக்கம் திரும்பவேயில்லை. "வேலையிடத்திலை ஆரோ சொன்னவை" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம். "ஓம், ஓம், விசயம் தெரியாத ஆக்கள்தான் கூடக் கதைக்கிறவை" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

திரும்பி வரும்போது தம்பிதான் கார் ஓட்டினார். மன்னிப்புக் கேட்டேன். சிவப்பு விளக்கில் நின்றபோது சொன்னார்: "ரிக்கெற்றுக்குச் செலியிலை இருந்தே எடுப்பம் அண்ணை. எடுக்கேக்கை வரியில்லையெண்டு நீங்கள் சொன்னது சரிதானே."

நான் சொன்னதில் சரியாக இருந்த ஒன்றைத் தேடி எடுத்து என்னிடமே தந்தார். வயதான காலத்துக்கென்று அவர் போட்ட காசு அது. என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் அத்தனை பேருக்கு முன்னால் சிரிப்புக்கு ஆளானது அவர்தானே.

அடுத்த நாள் ஞாயிறு. நீங்கள் ரீவி பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கீழே போய்க் காருக்குள் இருந்து, கதவை மூடிக்கொண்டு, வரி நிரப்பித் தருபவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் எடுக்கவில்லை, செய்தி விடச் சொல்லும் குரல் வந்தது. "நேற்று அந்தத் தம்பி சொன்ன 'ஆரோ' நான்தான்" என்று சொல்லி, என் முழுப்பெயரையும் சொல்லி வைத்தேன்.